களஞ்சியத்து இருட்டு

திருவண்ணாமலையில் ஓர் அரிசி மண்டியின் பின்கட்டில், பல மாதம் பூட்டிக் கிடந்த கிடங்கின் கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதிய அந்த வாடையில் பழைய நெல்லின் உமி இருந்தது, சாக்கின் சணல் இருந்தது, எலி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக வவ்வால் புழுக்கையின் காரமான நெடி இருந்தது. உடன் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், அந்த வாடை என்னை அரிசி மண்டியில் இருக்கவிடவில்லை, செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய களஞ்சியத்தின் வாசலுக்கு, தாத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

தாத்தா உடனே உள்ளே போகமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேல்துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு பழவட்டும்டா" என்று என்னையும் நிறுத்தி வைப்பார், வெளியே பாறையெல்லாம் கொதிக்கும் பங்குனி வெயில், அதிலிருந்து நேராக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பொறுத்தால் முதலில் தரை தெரியும், பிறகு சுவர், பிறகு தலைக்கு மேலே வளைந்து போகும் கூரை, கடைசியாக அந்தக் கூரையில் தொங்கும் வவ்வால்கள். மற்ற பிள்ளைகள் உள்ளே ஓடிக் கைதட்டி எதிரொலி கேட்பார்கள், தாத்தா என்னைக் கைதட்ட விட்டதில்லை, அதுங்க தூங்குற நேரம் என்பார். அவர் செய்வது வேறு. சுவரில் உள்ளங்கையைப் பதித்து அப்படியே சற்று நிற்பார், காரை பெயர்ந்த இடத்தை விரலால் தடவி அந்தப் பொடியை மோந்து பார்ப்பார், பிறகு இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அடிமேல் அடிவைத்து நடந்து, நீளத்துக்கும் ஒருமுறை நடந்து, உதடு மட்டும் அசைய ஏதோ கணக்குப் போடுவார். சொற்பக் காணியில் நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைத்தவர், எவ்வளவு விளையும், எவ்வளவு நாளைக்கு வரும் என்ற கணக்கிலேயே ஆயுளைக் கழித்தவர், ராஜாக்கள் விட்டுப்போன களஞ்சியத்திலும் அவருக்கு அந்தக் கணக்குத்தான் வந்தது.

கோட்டையைப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வரிசை இருந்தது. முதலில் குளம், அப்புறம் களஞ்சியம், அப்புறம் மகால், அப்புறம்தான் மலை. சக்கரக்குளத்தின் படியில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், செட்டிக்குளத்தின் கரையில் கொஞ்ச நேரம் உட்காருவார், எவ்வளவு வெயிலானாலும் இதைச் செய்யாமல் மலைப்பக்கம் திரும்பமாட்டார். கல்யாண மகாலுக்கு வந்தால் நடுக்கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அதன் அடியில் குனிந்து பார்ப்பார், ஏனென்றால் குளத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக இங்கே தண்ணீர் வந்தது, கோபுரத்தின் ஆறாவது அடுக்கு வரைக்கும் அது ஏறியது. சதுர முற்றம், அதைச் சுற்றி அந்தப்புரத்துப் பெண்கள் இருந்த அறைகள், நடுவில் எண்பதடி உயரத்துக்கு எட்டு அடுக்காக எழுந்து மேலே கூம்பாக முடியும் கோபுரம், ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சின்ன அறை, அந்த அறையைச் சுற்றி வளைவு வளைவாகத் திறந்த தாழ்வாரம், ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய குறுகலான படி. வளைவுகள் துருக்கர் பாணி, உச்சிக் கூம்பு கோயில் விமானத்தின் சாயல், இரண்டையும் சேர்த்துக் கட்டிய கொத்தனாருக்கு அதில் ஒரு முரணும் தெரிந்திருக்காது, நிழல் வேண்டும், காற்று வேண்டும், பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை பத்து மணி வாக்கில் அந்த வளைவுகளின் வழியே வெயில் சாய்ந்து விழுந்து, தாழ்வாரத் தரையில் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும், தாத்தா நிழல் பட்டையில் மட்டும் கால் வைத்து நடப்பார், நானும் அப்படியே நடப்பேன்.

செஞ்சியை அறியாதவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே திடீரென்று பாறைக் குன்றுகள் தொடங்கிவிடும், மண்ணே இல்லாமல் உருண்டைக் கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிற குன்றுகள், அவற்றில் மூன்றை, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்றை, மதிலால் இணைத்து முக்கோணமாக வளைத்ததுதான் செஞ்சிக் கோட்டை. வெளிமதிலின் கனம் அறுபதடி, அதற்கு வெளியே எண்பதடி அகலத்துக்கு அகழி, உள்ளே ஒவ்வொரு மலைக்கும் தனித்தனி மதில்கள், வாசலுக்கு மேல் வாசல். 1200ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் ராஜகிரியில் இதைத் தொடங்கினார், மேய்ச்சலுக்குப் போன இடத்தில் அவருக்குப் புதையல் கிடைத்தது, அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் அடுத்த மலையைக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. நாம் இன்று காணும் மதில்களிலும் மண்டபங்களிலும் பெரும்பகுதி விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் காலத்தது. 1597இல் இங்கே வந்த நிக்கோலஸ் பிமென்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தான் கண்ட ஊர்களில் இதுதான் பெரியது, லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இருக்கும் எந்த ஊரும் இதற்கு ஈடாகாது என்று எழுதினார். அந்த ஊர் இருந்த இடத்தில் நான் சிறுவனாகப் பார்த்தது மல்லாட்டைக் கொல்லைகள், சீத்தாப்பழப் புதர்கள், ஆடு மேய்க்கும் பிள்ளைகள்.

ஆயா மலை ஏறுவது கோட்டைக்காக இல்லை, கமலக்கண்ணி அம்மனுக்காக. ராஜகிரியின் பாதி வழியில் அம்மன் கோயில், அதுவரை ஏறி, பொங்கல் வைத்து, அங்கேயே பாறை நிழலில் உட்கார்ந்து தூக்கிலிருந்து புளிச்சோறு எடுத்து எல்லோருக்கும் கையில் உருட்டிக் கொடுத்து, பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பாள். படிகள் செங்குத்தானவை, பல இடங்களில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் முழங்கால் உயரம், ஆயா ஒவ்வொரு படிக்கும் முதலில் உள்ளங்கையைக் கல்லில் ஊன்றி, பிறகு வலது கால், பிறகு இடது கால் என்று ஏறுவாள், வெற்றிலை போட்ட வாய், பேசமாட்டாள், மூச்சு மட்டும் கேட்கும். எண்ணூறு அடி உயர மலை, உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து, இருபத்துநான்கு அடி அகலமும் அறுபதடி ஆழமும் உள்ள ஒரு பள்ளம் வழியை அறுத்துக்கொண்டு நிற்கும், அதன் மேல் ஒரு பாலம், அந்தக் காலத்தில் வேண்டும்போது விலக்கிக்கொள்ளக்கூடிய மரப்பாலம், விலக்கிவிட்டால் மேலே இருப்பவர்களை ஒருவராலும் நெருங்க முடியாது. பத்துப் பேர் இருந்தால் போதும், எந்தப் படை வந்தாலும் தடுத்துவிடலாம் என்று ஆங்கிலேயர்கள் இந்த உச்சியைப் பற்றி எழுதிவைத்தார்கள். பாலத்தின் நடுவில் ஆயா நிற்கமாட்டாள், கீழே பார்க்கவும் மாட்டாள், "நாராயணா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விறுவிறுவென்று கடந்துவிடுவாள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி, களஞ்சியம், கொடிக்கம்பம் நின்ற இடம், ஓயாத காற்று. மேற்கே வானம் தெளிவாக இருந்தால் அண்ணாமலையார் மலை தெரியும், தாத்தா அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டு மேல்துண்டை விரித்துப் படுத்துவிடுவார். ஆயா படுக்கமாட்டாள். அவள் உச்சியிலிருந்த களஞ்சியத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சுனை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நாங்கள் ஏறி வந்த வழியைத் திரும்பப் பார்த்து, "இத்தினி ஒசரத்துக்கு நெல்லு யாரு சொமந்தாந்தது, ஒல ஒலையா அரிசி யாரு ஆக்கிப் போட்டது, அத எவனாவது எழுதி வெச்சிருக்கானா?" என்று கேட்டாள். தாத்தாவிடம் அதற்குப் பதில் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரப் பாடத்திலும் இல்லை, அதில் யார் யாரிடமிருந்து எந்த ஆண்டு பிடித்தார் என்பது மட்டும் இருந்தது.

அந்த ஆண்டுகள் எனக்கு இன்றும் மறக்கவில்லை. 1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை நாயக்கரிடமிருந்து பிடித்தது, 1677இல் சிவாஜி பிஜப்பூர்க்காரர்களிடமிருந்து எடுத்து மதில்களைப் பலப்படுத்தினார், அவர் செய்த அந்தப் பலப்படுத்தல் அவர் மகன் ராஜாராமுக்கு உயிர்காப்பாக அமைந்தது, தக்காணத்தில் ஔரங்கசீப்பின் படை துரத்த, 1689இல் ராஜாராம் செஞ்சிக்கு வந்து இங்கிருந்தபடியே மராட்டிய அரசை நடத்தினார். அடுத்த ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து முற்றுகையிட்டார், அந்த முற்றுகை 1698 வரை நீண்டது. இடையில் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள், மொகலாயப் பாளையத்துக்குத் தானியம் வருவது நின்றது, உடனிருந்த இளவரசர் காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்தவர்களோடு ரகசியமாகப் பேசினார் என்று அவரையே சிறைவைக்க வேண்டி வந்தது. எட்டு வருஷம் என்று படிக்கும்போது அது ஒரு எண், ஆயாவின் கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் அது எத்தனை ஆயிரம் வேளைச் சோறு, எத்தனை குடம் தண்ணீர், எத்தனை ஆடி, எத்தனை ஐப்பசி என்று விளங்கும். கடைசியில் ராஜாராம் தப்பிப் போனபிறகுதான் கோட்டை மொகலாயர் கைக்கு வந்தது.

எங்கள் ஊர் வீட்டில் நடுக்கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் குதிர் இருந்தது. அறுப்பு முடிந்ததும் நெல்லைக் காயவைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் கலந்து அதில் கொட்டி, வாயைச் சாணி போட்டு மெழுகி மூடுவாள் ஆயா, கீழே இருக்கும் சின்னத் துவாரத்தின் வழியாக அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பாள், விதைநெல் வைக்கோல் கோட்டையில் கட்டித் தனியாகத் தொங்கும், அதை யார் கேட்டாலும் தொடவிடமாட்டாள், பஞ்ச காலத்தில் அவள் மாமியார் கேழ்வரகுக் கூழ் மட்டும் குடித்து விதைநெல்லைக் காப்பாற்றிய கதையை வருஷா வருஷம் சொல்வாள். அந்தக் குதிரைத் திறக்கும்போது வரும் வாடையும் செஞ்சிக் களஞ்சியத்தின் வாடையும் ஒன்றுதான், வவ்வால் மட்டும்தான் அங்கே கூடுதல். செஞ்சிக் கோட்டை ஆயாவுக்குப் புரிந்த விதமே அப்படித்தான், அது ஒரு பெரிய வீட்டின் குதிர், மதில் என்பது அந்தக் குதிருக்கு மெழுகிய வாய். எத்தனையோ பேராசிரியர்களின் எழுத்தைப் பிற்பாடு படித்திருக்கிறேன், ஒரு மலைக்கோட்டை எதற்காகக் கட்டப்படுகிறது என்பதை அவளைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது அடிப்பதற்காகக் கட்டியது அல்ல, காத்திருப்பதற்காகக் கட்டியது.

கல்லூரி நாட்களில் புதுச்சேரியில் பெரியப்பா வீட்டில் தங்குவேன். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், உப்புக் காற்றும், சுண்டல்காரரின் அடுப்புப் புகையும், ஈரமான கருங்கல்லின் மணமும் கலந்து வரும், காந்தி சிலையைச் சுற்றி எட்டுப் பெரிய கல்தூண்கள் நிற்கும், ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியது, அடிமுதல் முடிவரை வேலைப்பாடு, குழந்தைகள் அவற்றின் அடியில் ஒளிந்து விளையாடும், காதலர்கள் சாய்ந்து நிற்பார்கள். பெரியப்பா காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மாலையில் நடக்கும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தூணையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பார். "இதெல்லாம் ஒங்க ஊரு தூணுடா, செஞ்சிலேர்ந்து வந்தது" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குச் செஞ்சியில் பார்த்த ஒரு காட்சியின் காரணம் தெரிந்தது. கீழ்க்கோட்டையில் புதுச்சேரி வாசலுக்குப் பக்கத்தில் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது, முத்தியாலு நாயக்கர் கட்டியது, கோபுர வாசலில் ராமாயணமும் கிருஷ்ண லீலையும் கடல் கடைந்ததும் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கும், அவ்வளவு பெரிய கோயிலில் சில இடங்கள் மட்டும் வெறுமையாக, கூரையும் தூணும் இல்லாமல் கிடக்கும், தாத்தா அங்கே நின்று நாக்கை ஒரு சப்புக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை வைத்திருந்த காலத்தில் பெயர்த்துக்கொண்டு போன தூண்கள் அவை.

அவர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்த கதையும் ஓர் இரவின் கதைதான். 1750 செப்டம்பர் மாதம், டூப்ளே புதுச்சேரியில் கவர்னராக இருந்த நேரம், புஸ்ஸி என்ற தளபதி சின்னப் படையோடு வந்து, இருட்டில் வாசல்களை வெடிவைத்துத் தகர்த்து, மலையில் ஏறி, விடிவதற்குள் மூன்று மலைகளையும் கைப்பற்றிவிட்டார், விடிந்த வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்தவர்கள் இதில் எப்படி ஏறினோம் என்று தாங்களே வியந்தார்கள். மொகலாயப் பேரரசின் படையை எட்டு ஆண்டு நிறுத்தி வைத்த மதில், ஒரே இரவில் விழுந்தது என்றால் மதில் பலவீனமானதால் அல்ல, அதன்மேல் நின்றவர்களுக்கு அது யாருடைய கோட்டை என்ற பற்று இல்லாமல் போனதால் என்பது என் எண்ணம். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, அந்த ஏப்ரலில் செஞ்சியும் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் வந்தது, பிறகு 1780இல் ஹைதர் அலி வந்தார், அதற்கப்புறம் அந்தக் கோட்டைக்காகச் சண்டை போட யாருக்கும் தேவை இருக்கவில்லை. கடற்கரைத் தூண்களில் கை வைத்தால் மாலை நேரத்திலும் வெயிலின் சூடு இருக்கும், செஞ்சிப் பாறையில் இரவு எட்டு மணிக்கும் அதே சூடு இருப்பதை நான் அறிவேன்.

ஆனால் இந்தப் பக்கத்து மக்கள் பாடியது ராஜாராமையும் அல்ல, புஸ்ஸியையும் அல்ல, தேசிங்கு ராஜனை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் அரிக்கன் விளக்கை வைத்து, பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தாத்தா அந்தக் கதையை ராகம் போட்டுப் படிப்பார், மண்ணெண்ணெய் வாசனையும், அவர் வெற்றிலையின் வாசனையும், தொழுவத்திலிருந்து வரும் சாணி வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குத் தேசிங்கு கதையின் வாசனை. பந்தேல்கண்டிலிருந்து வந்து செஞ்சிக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, இருந்த ஸ்வரூப் சிங்கின் மகன் தேஜ் சிங், நம் நாவில் தேசிங்கு, அப்பா இறந்தபின் ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கட்டமுடியாது என்றவன், 1714 அக்டோபரில் சில நூறு குதிரை வீரர்களோடு கோட்டையை விட்டு இறங்கி, வெள்ளம் போன ஆற்றைக் கடந்து, நவாபின் பெரும்படையோடு வெட்டவெளியில் மோதி, இருபத்திரண்டு வயதில் செத்தவன். அவனுக்கு முன்னால் களத்தில் விழுந்தவன் அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்காரன், மஹபத் கான் என்ற முஸ்லிம் வீரன், கல்யாணக் கோலத்தில் இருந்தவன் நண்பன் கூப்பிட்டதும் வந்துவிட்டான் என்று கதை சொல்லும். பாராசாரி என்ற குதிரை விழும் இடத்தில் தாத்தாவின் குரல் இறங்கும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அந்தப் பக்கத்தை நான் பிறகு தனியாகப் புரட்டிப் பார்த்தபோது எண்ணெய்க் கையும் கண்ணீரும் பட்டு எழுத்து மங்கிப்போயிருந்தது.

ஆயா அழமாட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டே கேட்பாள், முடிந்ததும், "மலை மேலயே இருந்திருக்கலாம், எறங்காம" என்பாள், ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்வாள். அவளுக்கு அந்தப் பையன் மேல் பிரியம் இல்லாமல் இல்லை, அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறிய இடம் செட்டிக்குளத்துக் கரையில் இருக்கிறது, அங்கே போகும்போதெல்லாம் ஒரு துளி குங்குமம் வைத்துவிட்டுத்தான் வருவாள். ஆனாலும் அவள் தீர்ப்பு மாறவில்லை. பல வருஷம் கழித்துத்தான் அந்தத் தீர்ப்பின் கனம் எனக்கு உறைத்தது. காத்திருப்பதற்காகக் கட்டிய கோட்டை அது, எட்டு வருஷம் காத்திருந்தவர்களைப் பற்றி ஒரு நாட்டுப்பாடலும் இந்தப் பக்கத்தில் கேட்டதில்லை, காத்திருக்க மறுத்து இறங்கி வந்தவனைப் பற்றிய பாட்டு முந்நூறு வருஷமாக நிற்கிறது. தாத்தா இறங்கியவனுக்காக அழுதார், ஆயா மேலேயே இருந்து நெல் சுமந்தவர்களுக்காகக் கேள்வி கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் எனக்குச் செஞ்சியைக் காட்டினார்கள்.

சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரியை எங்கள் பக்கத்தில் ராணிக் கோட்டை என்பார்கள். அதில் ஏறினால் கல்லில் அமைத்த எண்ணெய்க் கிணறும் நெய்க்கிணறும் இருக்கின்றன, களஞ்சியங்கள் இருக்கின்றன, குவிமாடம் போட்ட ஒரு காற்றாடி மண்டபம் இருக்கிறது, சன்னல் திண்டில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் வயல்கள் தெரியும், எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்த மண்டபத்துக்குள் நுழைந்துதான் போகும். நெய்க்கிணற்றுக்குள் குனிந்து மோந்து பார்த்தது நினைவிருக்கிறது, நெய் மணம் வரவில்லை, மழைத் தண்ணீரும் பாசியும்தான் மணத்தன. அடிவாரத்தில் சீத்தாப்பழம் விற்கும் ஒரு கிழவி இருந்தாள், பழுத்ததைத் தொட்டே சொல்வாள், பார்க்கமாட்டாள், கூடைக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து, "இது இன்னிக்கி, இது நாளைக்கி" என்று பிரித்துத் தருவாள். மலைமேலே எந்தச் சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்தப் பாறைச் சந்தில் தேன்கூடு இருக்கும், எந்த வாசலுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது, ஆடு மேய்த்த காலத்தில் நடந்து நடந்து தெரிந்துகொண்டது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மகிழ்ச்சி உண்மையாகவே இருந்தது, கோனார்களும் நாயக்கர்களும் கட்டியது மராட்டியர் பெயரில் பட்டியலாகிறதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு அந்த வருத்தம் இல்லை, செஞ்சியை ஒருவருக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது, சதத்துல்லா கான் 1717 வாக்கில் கட்டிய பள்ளிவாசலும் அதற்குள்தான் நிற்கிறது. அரிசி மண்டியில் அந்த வாடை பட்டதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி போனேன். புல் சீராக வெட்டியிருக்கிறார்கள், வழியெல்லாம் பலகைகள், சீட்டுக் கொடுக்கும் இடத்தில் வரிசை, எல்லாம் நல்லதுதான், இருந்தும் ஏதோ குறைந்தது. வந்தவர்கள் எல்லோரும் குளத்தைத் தாண்டி, களஞ்சியத்தைத் தாண்டி, நேராக ராஜகிரி உச்சிக்குப் போனார்கள், உச்சியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். வழிகாட்டி ஒருவர் தேசிங்கு கதையைச் சொன்னார், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தைச் சொன்னார், அதோடு முடித்துக்கொண்டார். சீத்தாப்பழக் கிழவி உட்கார்ந்த இடத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டில் விற்றார், மேலே சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன், சுனையா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் தாத்தாவின் வரிசைப்படி நடந்தேன். படிக்கட்டில் கல்லூரிப் பையன்கள் சிலர் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள், எவ்வளவு தூரம் ஐயா இன்னும் என்று கேட்டார்கள், தூரத்தைச் சொல்வதற்குப் பதில் இவ்வளவு உயரத்துக்கு நெல்லை யார் சுமந்து வந்திருப்பார்கள் என்று அவர்களிடம் கேட்டேன். ஒருவன் தன் பாட்டனார் மேல்மலையனூர்ப் பக்கம் மூட்டை தூக்கியவர் என்றான், நெல் மூட்டையோடு வரப்பில் ஒரு மைல் நடப்பாராம், தலையில் வைத்தால் ஒரு மாதிரி, முதுகில் வைத்தால் ஒரு மாதிரி மூச்சை விடவேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம், அந்தப் பையன் அதைச் சொல்லும்போது சுற்றியிருந்தவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஆயா கேட்ட கேள்விக்கு எழுத்தில் விடை கிடைக்காது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன், அதற்கான விடையில் ஒரு பங்கு இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே செஞ்சிக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் சக்கரக்குளத்துக்கும் செட்டிக்குளத்துக்கும் போங்கள், பிறகு களஞ்சியத்தின் வாசலில் கண் பழகும்வரை நில்லுங்கள், உச்சிக்கு அதற்கப்புறம் ஏறலாம், அது எங்கும் போய்விடாது. செஞ்சியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் உங்கள் வீட்டில் எழுபது எண்பது வயதில் ஒருவர் இருந்தால், அவரை அடிவாரம் வரைக்குமாவது அழைத்துக்கொண்டு போங்கள், எந்தச் சுனைக்கு என்ன பெயர், எந்தப் பாறையில் என்ன நடந்தது, மூட்டையை எப்படித் தூக்குவார்கள் என்று கேளுங்கள், கேட்டதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தக் கோட்டையைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும், அந்த நோட்டை நாம்தான் எழுத வேண்டும்.